ஒரு நாள் பிசகு

கோர்ட்டுத் தரையை நான்தான் துடைக்கிறேன்.
லூசியானா, தொண்ணூற்றெட்டாம் வருடம், ஜூலை.
பதிவறைச் சன்னலுக்கு வெளியே
கரும்பு ஆளுயரம் நிற்கிறது.

புதுச் சட்டம் வந்ததும்
பழைய வாக்காளர் ஏட்டைக் கயிற்றால் கட்டி
மச்சுக்கு ஏற்றச் சொன்னார்கள்.
என் தலையில்தான் ஏற்றினார்கள்.
அதற்குள் என் புருஷன் ஓனெசிம் இருந்தான்,
இருபத்திரண்டு வயதில் போட்ட கையெழுத்தோடு.
பதினைந்தாவது திருத்தம் என்று யார் சொன்னாலும்
தொப்பியைக் கழற்றுகிற மனிதன்.
பிணம் கனக்கும் என்பார்கள்.
பெயரும் கனக்கிறது.

இனிமேல் ஓட்டுப் போட
தன் கையால் விண்ணப்பம் எழுத வேண்டும்.
எழுத வராதா, முந்நூறு டாலர் சொத்து வேண்டும்.
அதுவும் இல்லையா,
அறுபத்தேழு பிறக்கும்போதே ஓட்டுரிமை வைத்திருந்த
தாத்தா ஒருவர் வேண்டும்.

அல்சீதுக்கு இருந்தார்.
எங்களைப் போலவே குத்தகைக்காரன், எங்களைப் போலவே கடன்.
ஒரு பெருக்கல் குறி போட்டான்.
தாத்தா கல்லறையிலிருந்து எழுந்து வந்து
பேரனைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஓனெசிமின் தாத்தாவும் இதே கட்டடத்தில்தான் இருக்கிறார்.
கீழ் அலமாரி, பண்ணைச் சொத்துப் பட்டியல்,
செப்புக் கொப்பரைக்கும் கோவேறு கழுதைக்கும் நடுவில்.
விலை தொள்ளாயிரம்.
முந்நூறு டாலர் சொத்தா கேட்கிறீர்கள்?
மூன்று மடங்கு இருக்கிறது எங்களிடம்.

ஓனெசிமுக்கு எழுத வரும்.
ஊர் எழுதினான், தொழில் எழுதினான்.
ஒரு வரியில் பேனா நின்றது:
இன்று என் வயது
இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள்.

கரும்பு அரைக்கும் காலத்தில் பிறந்தவன்.
அவன் அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
கொப்பரை கொதித்துக்கொண்டிருந்ததாம்.

அன்று சாயங்காலம் கீழ் அலமாரியைத் தூசி தட்டினேன்.
எனக்குப் படிக்கத் தெரியாது.
அவன் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும்,
முட்டை மாதிரி இருக்கும்.
முட்டை முட்டையாகத் தேடினேன்.
தாத்தாவுக்கு இரண்டு தாள் தள்ளி
ஒரு முட்டை, அதன் பின்னால் நிறையக் கோடுகள்.
அடுப்புக்கரியால் அப்படியே
ஏப்ரனின் உட்புறத்தில் இழுத்துக்கொண்டேன்.

ராத்திரி விளக்கடியில் என் துணியைப் படித்தான்.
நவம்பர் ஒன்பது, ஐம்பத்துநான்கு. ஆண். நலம்.
இன்னொரு சொல்லும் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.
ஐம்பது டாலர் என்று
ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னான்.

விரல் மடக்கி எண்ணினோம்.
விடிந்தால்
நாற்பத்துமூன்று வருடம், எட்டு மாதம், பன்னிரண்டு நாள்.
படுத்த பிறகும் இருட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.
முதல் தடவையாக அவனுக்கு ஒரு வயது.

மிஸ்டர் தெவிலியே தாளைப் பார்த்தார்.
"பிசகு. பதின்மூன்று நாள்.
இன்றைக்கு நீ உயிரோடு இல்லையா?"

மறுநாள் அந்த நாளையும் சேர்த்துப் பதினான்கு என்று எழுதினான்.
"பிசகு. இன்று எங்கே முடிந்தது?
வெளியே வெயிலைப் பார்."

நான் மூலையில் ஈரத்துணியோடு இருந்தேன்.
கடிகாரம் பத்தரை.

அந்த ஒரு நாள்
இந்த அறையில்தான் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.
பெருக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்,
அவர் நாற்காலிக்கு அடியில்,
எச்சில் கிண்ணத்துக்குப் பின்னால்.

நவம்பர் ஒன்பது வந்தது.
ஆலையில் புகை.
ஓனெசிம் என்னைத் தேடிக்கொண்டு
கோர்ட்டுப் பின்வாசலுக்கே வந்துவிட்டான்.
"நாற்பத்துநான்கு" என்றான்.
"மாதம் கிடையாது. நாள் கிடையாது.
இன்றைக்கு யாராலும் பிசகு சொல்ல முடியாது."

தேர்தல் நேற்றோடு முடிந்திருந்தது.
அல்சீதின் பூட்ஸ் சேறு
நடையில் இன்னும் காயவில்லை.
வாளியை இந்தப் பக்கம் நகர்த்து என்றேன்.
நகர்த்தினான்.